வணிக வளாகத்துக்குச் செயற்கைப் புல்: எத்தனை மி.மீ. வாங்குவது?

சாம்பிள் துண்டுகளை மேசையில் பரப்பிக் கையால் தடவிப் பார்த்தால் 40 மி.மீ. புல்தான் எப்போதும் ஜெயிக்கும். அதையே அலுவலக வாசலில் விரித்துப் பாருங்கள். ஆட்கள் நடக்கும் தடம் மட்டும் சில மாதங்களில் படுத்து, பளபளவென்று தனியாகத் தெரியும். வணிக இடங்களில் உயரத்தைக் கையை நம்பித் தேர்ந்தெடுக்கக் கூடாது, காலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இழை உயரம் என்பது அடித்துணியின் மேற்பரப்பிலிருந்து இழை நுனி வரையுள்ள அளவு. அடித்துணியின் தடிமனையும் சேர்த்துச் சொல்லிவிடும் விற்பனையாளர்கள் உண்டு. இழைகளை விலக்கி, ஸ்டீல் ஸ்கேலை அடித்துணியில் ஊன்றி நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஸ்கேலின் விளிம்பிலேயே பூஜ்ஜியம் தொடங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். பல ஸ்கேல்களில் சில மி.மீ. தள்ளித்தான் தொடங்கும்.

இனி இடத்தைப் பாருங்கள். வாசல், நடைவழி, கடை முகப்பு, ஆட்கள் வரிசையில் நிற்கும் இடம் இவற்றுக்கெல்லாம் 15 முதல் 25 மி.மீ. போதும். சக்கர நாற்காலியோ டிராலியோ போகும் பாதையானால் 20-ஐத் தாண்டாதீர்கள். அவற்றின் முன்சக்கரங்கள் சிறியவை. உயரமான இழையில் புதைந்து, தள்ளுபவரின் கை வலிக்கும். உணவகத்தின் வெளி இருக்கைப் பகுதிக்கும் மொட்டை மாடிக்கும் 20 முதல் 30 மி.மீ. அதற்கு மேல் போனால் நாற்காலிக் கால்கள் குழி போடும், சிந்திய சோற்றுப் பருக்கை இழைகளுக்குள் இறங்கி நாறும். பார்வைக்கு மட்டுமே உள்ள, யாரும் மிதிக்காத ஓரங்களுக்கு 35 முதல் 40 மி.மீ. எடுக்கலாம், உயரமான புல்லின் அழகு அங்கே நிலைக்கும்.

கால்பந்துத் திடல்களில் 50, 60 மி.மீ. போடுகிறார்களே என்று கேட்பார்கள். அந்த இழையின் பெரும்பகுதி மணலுக்கும் ரப்பர் துகளுக்கும் அடியில் மறைந்திருக்கிறது. வெளியே தெரிவது நுனி மட்டும். நிரப்பு இல்லாமல் அந்த உயரத்தைத் தோட்டத்தில் போட்டால் மொத்தமும் சாய்ந்துவிடும். குழந்தைகள் விளையாடும் இடத்திலும் இதே போன்ற தவறு நடக்கிறது. விழுந்தால் அடிபடாமல் காப்பது இழை உயரம் அல்ல, அடியில் போடும் ஷாக் பேட், அதாவது அதிர்ச்சி தாங்கும் மெத்தை. சறுக்கு, ஏணி எவ்வளவு உயரமோ அதற்கேற்ற பேடைப் போட்டு, மேலே 25–30 மி.மீ. புல் விரியுங்கள்.

உயரத்தை மட்டும் கேட்டு வாங்குபவர்கள் ஏமாறுவது அடர்த்தியில். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூல் எவ்வளவு கனமானது என்பதை டிடெக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். டிடெக்ஸ் என்பது 10,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 10,000 டிடெக்ஸ் நூல் என்றால் மீட்டருக்கு 1 கிராம். ஒவ்வொரு தையலும் அடித்துணிக்கு மேல் இரண்டு கால்களாக நிற்கும். ஆகவே 35 மி.மீ. புல்லில் ஒரு தையலுக்கு 70 மி.மீ. நூல். சதுர மீட்டருக்கு 16,800 தையல் இருந்தால் 1,176 மீட்டர் நூல், அதாவது ஏறத்தாழ 1.2 கிலோ. அதே நூலை அதே எடைக்கு 25 மி.மீ. உயரத்தில் தைத்தால் சுமார் 23,500 தையல் கிடைக்கும். நூல் செலவு ஒன்றே. ஆனால் குட்டைப் புல் நெருக்கமாக நின்று ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். நேர் இழைகளுக்கிடையே அடியிலுள்ள குட்டையான சுருள் இழையின் எடை தனிக்கணக்கு. ‘மொத்த எடை’ என்று விற்பனையாளர் தரும் விவரத் தாளில் போட்டிருந்தால் அதில் அடித்துணியும் பசைப் பூச்சும் அடங்கியிருக்கும், இழை எடையைத் தனியாகக் கேளுங்கள்.

நூலின் வகையும் கணக்கில் வரும். பாலிஎத்திலீன் மென்மையானது, தோட்டப் புல் பெரும்பாலும் அதுதான். பாலிபுரொப்பிலீன் மலிவு, மடங்கினால் எளிதில் நிமிராது என்பதால் குட்டையான புல்லில்தான் சமாளிக்கும். நைலான் நன்றாக நிமிரும், விலை கூடுதல்.

சாம்பிளைச் சோதிக்க ஒரு செங்கல் போதும். ஒரு நாள் முழுக்க அதைச் சாம்பிளின் மேல் வைத்து எடுங்கள். கையால் எதிர்ப்பக்கமாக நீவிய பிறகும் செங்கல்லின் வடிவம் தெரிந்தால், அந்தப் புல் நடைவழிக்கு ஆகாது.

30 மி.மீ.-க்கு மேல் போகிறீர்கள் என்றால் சிலிக்கா மணலுக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். சதுர மீட்டரில் 10 மி.மீ. ஆழத்துக்கு 10 லிட்டர், ஏறக்குறைய 15 கிலோ மணல் பிடிக்கும். உருண்டை மணியாக, கழுவிக் காய்ந்ததாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவையாகத் தூவி, ஒவ்வொரு முறையும் பிரஷ் போட வேண்டும். ஈர மணல் இழையோடு ஒட்டிக்கொண்டு அடிவரை இறங்காது.

கதவுகளை மறந்துவிடுவார்கள். வெளிப்பக்கம் திறக்கும் கதவின் அடியில் 25 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது என்றால், 30 மி.மீ. புல் ஒவ்வொரு தடவையும் உரசி, கதவு போகும் வளைவில் மொட்டையாகும். ஓரக்கல் மட்டத்தையும் இதோடு பாருங்கள். 30 மி.மீ. புல்லுக்கு, கெட்டித்த அடித்தளம் ஓரக்கல்லைவிட 25 மி.மீ. தாழ்ந்திருந்தால் நுனி மட்டும் சற்று மேலே நிற்கும், கால் தடுக்காது.

கண்ணாடி முகப்புள்ள கட்டடமென்றால் வெயில் நேரத்தில் எதிரொளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒளி ஒரே இடத்தில் குவிந்தால் இழை உருகிச் சுருளும். உயரத்தை மாற்றி இதைத் தீர்க்க முடியாது. அந்த இடத்தில் கல் பதிப்பதுதான் வழி.

ஒரே வளாகத்தில் இரண்டு உயரம் போடுவது நல்ல யோசனைதான்: நடக்கும் பாதைக்கு 20, ஓரத்துக்கு 35. ஆனால் இரண்டையும் நேராக ஒட்டாதீர்கள், இணைப்பு அசிங்கமாகத் தெரியும். நடுவில் ஒரு வரிசைக் கல் கொடுங்கள். ஆர்டர் போடும்போது ஒரே உயரத்துக்கான ரோல்கள் எல்லாம் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். தொகுதி மாறினால் பச்சை மாறும். இழைகள் எல்லாம் ஒரே பக்கம், முக்கியமாகப் பார்ப்பவர் நிற்கும் பக்கம், சாயும்படி விரியுங்கள். மிஞ்சிய துண்டுகளை வெயில் படாமல் எடுத்து வையுங்கள், பின்னால் ஒட்டுப் போட அவைதான் நிறம் பொருந்தும்.