ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றிய பின் வரும் குளிர்க் கூச்சம்: வீட்டில் செய்ய வேண்டியவை

பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய சில மணி நேரத்திலேயே, குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனிகளில் சுருக்கென்று ஊசி குத்துவது போலவும், குளிர்ந்த நீரை விழுங்கினால் தொண்டை இறுகுவது போலவும் பலருக்குத் தோன்றும். நரம்புகளில் சோடியத்தை உள்ளே விடும் நுண்துளைகளான சோடியம் வாயில்களின் இயக்கத்தை மருந்து குலைப்பதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் அடுத்த சுற்றில் திரும்ப வரும்.

ஆகவே, மருந்து ஏற்றுவதற்கு முந்தைய நாளே வீட்டைத் தயார் செய்யுங்கள். குடிநீர், பழம், தயிர் ஆகியவற்றை ஃப்ரிட்ஜிலிருந்து முன்கூட்டியே வெளியே எடுத்து வைப்பதோடு, ஃப்ரிட்ஜ் கைப்பிடியிலேயே ஒரு ஜோடி கையுறையைத் தொங்கவிடுங்கள். யோசிக்காமல் கதவைத் திறந்து சில்லென்ற எவர்சில்வர் பாத்திரத்தைப் பிடிக்கும் அந்த ஒரு நொடியில்தான் பலருக்கும் முதல் அதிர்ச்சி நேர்கிறது. காலையில் மேல்தொட்டித் தண்ணீரில் முகம் கழுவுவதற்குப் பதிலாக வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, மருத்துவமனைக்கு முழுக்கைச் சட்டை, காலுறை, சால்வை, வெந்நீர்க் குடுவை ஆகியவற்றுடன் செல்லுங்கள். ஏசி காற்று நேராகப் படாத இருக்கையைச் செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். வேறு சில கீமோ மருந்துகளுக்கு வாய்ப்புண் வராமலிருக்க ஐஸ் துண்டு சப்பச் சொல்வார்கள்; அதைக் கேட்டுவிட்டு ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றும்போது செய்யக் கூடாது.

தொண்டை இறுகினால் உட்கார்ந்து, மூக்கையும் வாயையும் துணியால் மூடி மெதுவாக மூச்சு விடுங்கள்; வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாக அருந்துங்கள். கூடவே தடிப்பு, முகவீக்கம், நெஞ்சிறுக்கம், இளைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அது ஒவ்வாமையாக இருக்கலாம். உடனே மருத்துவ உதவி தேவை.

மருந்து உடலில் சேரச் சேர, குளிர் படாமலே விரல்களும் பாதங்களும் மரத்துப்போகும் இன்னொரு பாதிப்பும் வரலாம். இதை நீங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் பொறுத்துக்கொள்வீர்களோ என்றுதான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் சட்டைப் பித்தானைக் கண்ணால் பாராமல் போட முடிகிறதா, சாவியைத் திருப்ப முடிகிறதா என்று பார்த்து, முடியவில்லை என்றால் அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதும் இம்மருந்தை மட்டும் நிறுத்துவதும் சிகிச்சையில் வழக்கமாக உள்ளவையே. மூன்றாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயில் (அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நிலை), 6 மாதத்துக்குப் பதில் 3 மாதம் மட்டும் மருந்து பெற்றவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைந்ததாக 2018இல் வெளியான பெரிய கூட்டாய்வு காட்டியது. உங்களுக்கு எத்தனை மாதம் தேவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது என்பதால் வெந்நீர்ப் பையை வைத்து ஒத்தடம் கொடுக்காதீர்கள். குளிக்கும் நீரை முழங்கையால் சோதியுங்கள் அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறுங்காலுடன் நடக்காதீர்கள். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்து வெட்டு, கொப்புளம் உள்ளதா என்று கவனியுங்கள்.

எரிச்சலும் வலியும் தூக்கத்தைக் கெடுத்தால் டுலோக்ஸெடின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கீமோவால் வரும் நரம்பு வலிக்கு ஆய்வில் பலன் காட்டிய மருந்து அது; பொதுவாக 30 மி.கி.யில் தொடங்கி 60 மி.கி.க்கு உயர்த்துவார்கள், திடீரென நிறுத்தக் கூடாது. கடையில் நீங்களாக வாங்கி வைட்டமின் பி6 மாத்திரையை அதிக அளவில் விழுங்குவது நரம்பையே கெடுக்கும்.

சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்களுக்கு மரமரப்பு கூடக்கூடும். நோய் திரும்பிவிட்டது என்று அதற்குப் பொருளல்ல. ஆனாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பாதப் பராமரிப்பை விடாமல் தொடருங்கள்.