சிங்கப்பூரில் இரவு இசை: முதல்முறை வருவோருக்கு

மாலையை எஸ்பிளனேட் கலை அரங்கில் தொடங்குங்கள். எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையமே அதன் பெயரில் இருக்கிறது. நீர்முகப்பு வெளியரங்கிலும் உள்கூடத்திலும் அடிக்கடி இலவச நிகழ்ச்சிகள் நடக்கும். நவம்பர் பக்கம் வந்தால் அங்கே நடக்கும் இந்தியக் கலை விழாவான கலா உத்சவத்தைத் தவறவிடாதீர்கள்.

பிறகு ஆற்றங்கரையில் கிளப்புகள் நிறைந்த கிளார்க் கீ. 1991இல் தொடங்கிய ஸூக் நடனக் கிளப் இப்போது அங்கேதான். 11 மணிக்கு முன் போனால் பெரும்பாலான கிளப்புகள் காலியாகத்தான் இருக்கும். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். போனில் இருக்கும் பாஸ்போர்ட் படத்தை வாசலில் ஏற்காமல் போகலாம். ஆண்கள் செருப்பு, அரைக்கால் சட்டை போட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடக்கூடும்.

பில்லில்தான் பலர் அதிர்ந்து போகிறார்கள். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் "++" என்றிருந்தால் 10% சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9% ஜிஎஸ்டி. 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பானம் 23.98 ஆகிவிடும். டிப்ஸ் தனியாகத் தர வேண்டியதில்லை.

நேரடி தமிழ்ப் பாட்டு நடக்கும் சில கிளப்புகளில் மேடைக் கலைஞருக்கு மாலை போடச் சொல்வார்கள். அது இலவச மரியாதை இல்லை, பில்லில் ஏறும். விலை கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. லிட்டில் இந்தியா வட்டாரத்தின் பொது இடங்களில் சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை முழுத் தடை. வேப் (மின்சிகரெட்) எங்குமே கூடாது.

ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும். 12க்கு மேல் டாக்சி மீட்டரில் 50% கூடும், ஆகவே சீக்கிரம் திரும்புவதானால் 11.50க்கே ஏறிவிடுங்கள், அல்லது கிராப் வாடகைக் கார் செயலியில் விலை பார்த்துக்கொள்ளுங்கள்.