'ஓகே' வந்துவிட்டது என்று எழும்பிப் போகாதீர்கள்: ஃபக்ஸில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார், எங்கே போனாலும் அரச அலுவலகக் கடிதத் தலைப்பில் தொலைபேசி இலக்கத்தோடு தொலைநகல் இலக்கமும் இருக்கும். காணிப் பிணக்கோ வேலை விண்ணப்பமோ, அவசரம் என்றால் 'ஃபக்ஸ் அடியுங்கோ' என்றுவிடுவார்கள். மெசினில் இருக்கும் சொற்கள் விளங்காமல் அனுப்பி, அலைச்சலுக்கு மேல் அலைச்சல் படுகிறோம்.

முதலில், அனுப்பி முடிந்ததும் மெசின் காட்டும் அந்த 'ஓகே'. எதிர்ப்பக்க மெசின் 'பக்கம் கிடைத்தது' என்று சமிக்ஞை தந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். தாளில் அச்சானதா, உரியவரின் மேசைக்குப் போனதா என்று அது சொல்லாது. அங்கே தாள் முடிந்திருந்தால் பக்கம் மெமரியில் கிடக்கும். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் சில மெசின்களில் அழிந்தும் போகும். தாளை மறுபக்கமாக வைத்து வெறும் வெள்ளையை அனுப்பினாலும் 'ஓகே' வரும். எழுத்து மேலேயா கீழேயா என்று தாள் வைக்கும் இடத்தில் ஒரு சின்னப் படம் இருக்கும், பாருங்கள். அனுப்பிய கையோடு கோல் எடுத்து, 'எத்தினை பக்கம் வந்தது, கையெழுத்துத் தெரியுதோ' என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் 'ஸ்டாண்டர்ட்' என்ற சாதாரணத் தெளிவில் அனுப்புவது. மெசின் தாளைக் கோடு கோடாக வாசிக்கிறது. ஸ்டாண்டர்டில் மேலிருந்து கீழாக ஒரு மில்லிமீற்றருக்கு 3.85 கோடு, ஃபைனில் 7.7, சுப்பர் ஃபைனில் 15.4. அரை மில்லிமீற்றர்ப் புள்ளி ஒன்றுக்கு ஸ்டாண்டர்டில் இரண்டு கோடுகூடக் கிடைக்காது. பெயரிலுள்ள 'க்' 'க' ஆகிவிடும், காணித்துண்டு இலக்கத்தில் 3 எது 8 எது என்று தெரியாது. தமிழ்க் கடிதம் என்றாலே ஃபைனில் போடுங்கள். சுப்பர் ஃபைன் எதிர்ப்பக்க மெசினிலும் இருந்தால்தான் வேலை செய்யும்.

காணி உறுதி மங்கலாக இருக்கிறது என்று, எழுத்தைக் கறுப்பாக்கும் 'டார்க்'கை அழுத்துவார்கள். மஞ்சளித்த தாள் முழுவதும் சேர்ந்து கறுத்து, ஊதா முத்திரைக்குள் இருக்கும் திகதி ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். முதலில் போட்டோகொப்பி எடுங்கள். பின்னணி வெள்ளையாகி எழுத்து மட்டும் நிற்கும்வரை வெளிச்சத்தைச் சரிசெய்து, அந்தக் கொப்பியை அனுப்புங்கள். மூல உறுதியைத் தாளை உள்ளே இழுக்கும் ஃபீடருக்குள் விடவே வேண்டாம். இத்தனை இடப்பெயர்வுக்குள்ளும் நெஞ்சோடு கட்டிக் காப்பாற்றிய கடதாசி, உருளையில் சிக்கி மடிப்போடு கிழிந்தால் யாராலும் திருப்பித் தர முடியாது.

தொலைபேசிக்கும் ஃபக்ஸுக்கும் ஒரே லைன் வைத்திருக்கும் இடங்களில், நீங்கள் டயல் செய்தால் ஆள்தான் எடுப்பார். 'ஃபக்ஸ் ரோன் தாங்கோ' என்று கேளுங்கள். கூவென்ற சத்தம் வந்த பிறகே ஸ்டார்ட்டை அழுத்த வேண்டும். வாங்குபவரும் ஸ்டார்ட்டை அழுத்திவிட்டுத்தான் ரிசீவரை வைக்க வேண்டும். முந்தி வைத்தால் லைன் அறுந்துவிடும். ஃபக்ஸுக்கென்றே தனி லைன் இருந்தால் 'ஃபக்ஸ் ஒன்லி'யில் விடுங்கள், தானே எடுக்கும்.

நேரம் எடுக்கிறது என்று ஈ.சி.எம்.ஐ நிறுத்துவதுதான் என் பார்வையில் ஆகப் பெரிய தவறு. பக்கத்தைச் சிறு துண்டுகளாக அனுப்பி, பழுதாகப் போனதை மட்டும் மறுபடி அனுப்பவைக்கும் வசதி அது. அதை நிறுத்திவிட்டு இரைச்சல் லைனில் அனுப்பினால் வரிகள் நடுவில் விடுபடும், கணக்கு இலக்கம் சிதையும். லைன் மோசம் என்றால் வேகத்தைக் குறையுங்கள். சுப்பர் ஜீ3 என்ற வேகமான வகை மெசின் என்றால் செக்கனுக்கு 33,600 பிட் வரை போகும், சாதாரண ஜீ3 மெசின்கள் பெரும்பாலும் 14,400 வரை. 9,600க்கு இறக்கினால் கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான். ஃபைபர் ரௌட்டரில் செருகிய ஃபோன் லைனிலும் இதைச் செய்து பாருங்கள், டி.38 வசதி (இணைய வழியில் ஃபக்ஸ் அனுப்பும் முறை) உண்டா என்று இணைப்புத் தந்தவர்களிடமும் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருந்து அனுப்பும் சொந்தக்காரருக்கு இலக்கம் கொடுக்கும்போது 0094 போட்டு, பிறகு 021ஐயும் முழுதாக எழுதிவிடுகிறோம். அந்தப் பூச்சியம் போக வேண்டும்: கிளிநொச்சிக்கு 0094 21, வவுனியாவுக்கு 0094 24, மன்னாருக்கு 0094 23.

பக்கத்தின் தலையில் விழும் திகதியும் நேரமும் அனுப்பும் மெசினின் மணிக்கூட்டில் இருந்து வருபவை. கரண்ட் போய் வந்த பிறகு சில மெசின்களில் அது பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பிவிடும். முடிவுத் திகதி உள்ள விண்ணப்பம் என்றால் அனுப்பமுதல் திரையைப் பாருங்கள்.

வந்த தாள் வழுவழுப்பான சுருள் தாளாக இருந்தால் அது வெப்பத்தில் எழுத்து விழும் தாள். நம்முடைய வெயிலுக்கு விரைவில் மங்கும், அன்றைக்கே போட்டோகொப்பி எடுங்கள். லமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், சூடு பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.

ரிபன் ஃபிலிம் போடும் மெசின் வைத்திருக்கும் கடைக்காரருக்கும் ஒன்று. முடிந்த சுருளை விரித்து வெளிச்சத்தில் பிடித்தால், வந்த ஒவ்வொரு பக்கமும் வெள்ளை எழுத்தாக அப்படியே வாசிக்கலாம். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, வைத்திய அறிக்கை எல்லாம் அதில் இருக்கும். குப்பையில் எறியாமல் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்.