பழைய கார் எஞ்சினுக்குத் தொழிற்சாலைப் பூச்சு: வடசென்னைக்காரர்களுக்கு ஓர் ஆரம்பச் செய்முறை

எஞ்சினைப் புதுப்பிக்கும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயிண்ட் அடிப்பது. அலுமினியத்துக்கு சில்வர், போல்ட்டுக்கு குரோம், பிளாக்குக்கு, அதாவது எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலுக்கு, மூன்று கோட் கிளாஸ் எனாமல். தொழிற்சாலையில் ஒரு எஞ்சினுக்கு இவ்வளவு மெனக்கெடவே மாட்டார்கள். துருப்பிடிக்கும் வார்ப்பிரும்புக்கு மெல்லிய பூச்சு, சிறு இரும்புச் சாமான்களுக்கு பிளேட்டிங் (உலோக முலாம்), அலுமினியம் பெரும்பாலும் வார்த்தபடியே. எதற்குப் பூச்சு இல்லை என்பதைத் தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பூட்டி அனுப்பிய ஆஸ்டின் ஏ40 ஆனாலும், வண்டலூர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனாலும், அம்பாசடர், பத்மினி ஆனாலும் முறை ஒன்றே. நிறம்தான் மாறும். ஒரே மாடலில்கூட ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம். ஆகவே "இந்த வண்டிக்கு இந்தக் கலர்" என்று யாரோ சொன்னதை நம்பி டப்பா வாங்காதீர்கள். விடை உங்கள் எஞ்சினிலேயே இருக்கிறது.

படி 1: கழுவும் முன் தேடுங்கள்

எஞ்சின் இறங்கியதும் வாட்டர் வாஷுக்கு அனுப்பத் தோன்றும். ஒரு நாள் பொறுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்பும் கழற்றிய பின்பும் போட்டோ எடுங்கள். டைனமோ பிராக்கெட், எஞ்சின் மவுண்டிங், பெட்ரோல் பம்ப், ஆயில் ஃபில்டர் ஹவுசிங், எஞ்சின் தகடு ஆகியவை பிளாக்கில் உட்காரும் இடங்களைப் பாருங்கள். வெயிலும் ஆயிலும் படாத பழைய பெயிண்ட் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அங்கே நிறத்தோடு இன்னொரு சேதியும் கிடைக்கும். பிராக்கெட்டுக்கு அடியில் பெயிண்ட் இருந்தால், பெயிண்ட் அடித்த பிறகுதான் பிராக்கெட்டை மாட்டியிருக்கிறார்கள். அடியில் வெறும் இரும்பும் ஓரத்தில் பெயிண்ட் கோடும் இருந்தால், மாட்டிய பிறகு அடித்திருக்கிறார்கள். பல தொழிற்சாலைகளில் ஹெட், சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), டைமிங் கவர் எல்லாம் பூட்டிய நிலையில்தான் எஞ்சினுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். கேஸ்கெட் ஓரத்திலும் போல்ட் தலையிலும் அதே நிறம் படிந்திருப்பது அதனால்தான். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், மேனிஃபோல்டு எல்லாம் பிறகு வந்து சேர்ந்தவை. இந்த வரிசையை நோட்டில் எழுதிவையுங்கள். நீங்களும் அதே வரிசையில்தான் அடிக்கப் போகிறீர்கள்.

பலமுறை ரீபெயிண்ட் ஆன பிளாக் என்றால், ஒரு மூலையில் 400-ம் நம்பர் எமரியைத் தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டமாகத் தேயுங்கள். பிறகு 1000-ல் ஓரத்தைச் சாய்வாகத் தேயுங்கள். வெட்டிய மரத்தில் வளையம் தெரிவதுபோல ஒவ்வொரு பூச்சும் தனி வளையமாகத் தெரியும். இரும்பை ஒட்டியிருக்கும் நிறம் தொழிற்சாலையுடையது. அதற்கும் இரும்புக்கும் நடுவே சிவப்போ சாம்பலோ ஒரு மெல்லிய கோடு இருந்தால் அது பிரைமர், அதாவது அடிப்பூச்சு. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்காதீர்கள், முகமூடியைக் கழற்றாதீர்கள்.

கலர் மிக்சிங் கடைக்கு அந்தப் பாகத்தையே எடுத்துப் போங்கள். போட்டோவைக் காட்டி நிறம் கேட்டால் நிச்சயம் தவறும். ஸ்கேனர் வைக்கும் இடம் தட்டையாக, ஏறக்குறைய 25 மி.மீ. அகலத்தில் இருக்கவேண்டும். பாலிஷ் காம்பவுண்டால் லேசாகத் துடைத்த பிறகு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் பழுத்த மஞ்சளையும் மெஷின் நிறமாகவே எடுத்துக்கொள்ளும். புதுப்பேட்டையில் பழைய பிரேக் டிரம் ஒன்று வாங்கி, அதில் அடித்துப் பார்த்து, பகல் வெளிச்ச நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் ஏமாற்றும். பளபளப்பு அதிகமாகத் தெரிந்தால் அதே கடையில் மேட்டிங் பேஸ்ட் கலந்து செமி கிளாஸுக்கு இறக்கச் சொல்லுங்கள்.

படி 2: உரித்தல்

முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும், பிறகு சோப்புத் தண்ணீர், பெயிண்டுக்குச் சற்று முன் கிரீஸ் ரிமூவர். மண்ணெண்ணெயோடு நிறுத்தினால் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தில் பெயிண்ட் ஒட்டாமல் மீன் கண் மாதிரி குழிகுழியாக விலகும். பட்டறையில் சிலிகான் ஸ்ப்ரே பயன்படுத்தினாலும் இதேதான் நடக்கும்.

பெயிண்ட் உரிக்க, இரும்புப் பாகங்களுக்குக் காஸ்டிக் சோடா போதும்: லிட்டருக்கு 50 முதல் 100 கிராம். தண்ணீரில்தான் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் நீளக் கையுறையும் கட்டாயம். அலுமினியம் எதையும் இதில் போடாதீர்கள். கறுத்து, நுரைத்து, கரையும்; எரியக்கூடிய ஹைட்ரஜனும் வெளியேறும்.

பிளாக்கை, மணலை வேகமாக அடித்து உரிக்கும் பிளாஸ்டிங்குக்கு அனுப்ப வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. ஆயில் வழிகளுக்குள் புகுந்த மணல் எத்தனை முறை கழுவினாலும் மிச்சம் நிற்கும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் அது பேரிங்கைத் தின்னும். வெளிப்பக்கத்துக்கு டிரில்லில் மாட்டும் வயர் கப் பிரஷ் போதும். சம்ப், டேப்பட் கவர் போன்ற தகடுகளை பிளாஸ்ட் செய்தால் வளைந்துபோகும், பிறகு ஆயில் கசியும். எஞ்சின் நம்பர் பொறித்த இடத்தில் பிரஷ், கிரைண்டர், பட்டி எதுவுமே கூடாது. ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கும்போது எழுத்து மழுங்கியிருந்தால் பெரிய தலைவலி.

படி 3: உப்பை எடுப்பது

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. உரித்த இரும்பு கடல் காற்றில் ஒரு மணி நேரத்திலேயே ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். அந்தத் துருவைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் படிந்த உப்பு போகாது. பெயிண்டுக்கு அடியில் உப்பு இருந்தால் அது ஈரத்தை உள்ளே இழுத்து, சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பும். நல்ல பிரைமர் அடித்தும் கொப்புளம் வந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது இதைத்தான்.

போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை. கடைசிக் கழுவலுக்கு ஆர்.ஓ. தண்ணீர் 10 லிட்டர் ஒதுக்குங்கள். ஊற்றிய கையோடு கம்ப்ரஸர் காற்றால் ஊதி, ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். சிலிண்டர் போரிலும் இழைத்த பரப்புகளிலும் உடனே ஆயில் தடவி மூடுங்கள். அந்த ஆயில் வெளிப்பக்கம் வழியக்கூடாது. பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கி போட்டிருந்தால் அதைச் சுத்தமாகக் கழுவுங்கள், மிச்ச அமிலத்தின் மேல் எபாக்சி பிரைமர் சரியாக இறுகாது.

படி 4: மறைத்தல்

கேஸ்கெட் உட்காரும் பரப்புகள், மரைகள், ஆயில் டிப்ஸ்டிக் ஓட்டை, சென்சார் துவாரங்கள் எல்லாவற்றையும் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டி மறையுங்கள். மரைகளுக்குப் பழைய போல்ட்டைத் திருகிவிடுங்கள், கிரீஸ் அடைக்காதீர்கள். கேஸ்கெட் பரப்பில் பெயிண்ட் இருந்தால் சூட்டில் அது நசுங்கி, இறுக்கிய போல்ட் தளரும். எர்த் வயர் பூட்டும் இடத்தை மறைக்க மறப்பவர்கள் நிறைய. எஞ்சினைப் பூட்டிய பிறகு ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டு சுற்றினால் பேட்டரியைக் குறை சொல்லும் முன் அங்கே பாருங்கள்.

படி 5: அடித்தல்

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு எபாக்சி பிரைமர் 250 மி.லி., எனாமல் 500 மி.லி. போதும். புதிதாகக் கற்பவர்கள் ஹார்டனர் கலக்கும் 2கே டாப்கோட்டைத் தவிருங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருளைச் சாதாரண முகமூடி தடுக்காது. எஞ்சின் சூட்டைத் தாங்கும் ஒற்றை டப்பா எனாமல் நல்லது. எபாக்சி பிரைமருக்கும் ஆவி வடிகட்டும் கேட்ரிட்ஜ் முகமூடி வேண்டும்.

நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கு மேல், கடற்காற்று ஏறுவதற்குள் முடியுங்கள். இரும்பின் சூடு, பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்கவேண்டும். 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில் பனிப்புள்ளியே ஏறக்குறைய 26 டிகிரி. இரவு முழுக்கக் குளிர்ந்த கனமான பிளாக், காற்றைவிட மெதுவாகத்தான் சூடேறும். அதனால் காலை ஏழு மணிக்கு அதன் மேல் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்திருக்கும். அதன் மேல் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் இந்த வேலையை எடுக்காமல் இருப்பதே மேல். கம்ப்ரஸர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை ஒவ்வொரு முறையும் வடியுங்கள்.

1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில், 2 முதல் 2.5 பார் அழுத்தம், 15 முதல் 20 செ.மீ. தூரம். தின்னர் அளவை டப்பாவில் போட்டபடி கலக்குங்கள். முதல் கோட் தூசி மாதிரி மெல்லியது. 10 முதல் 15 நிமிடம் விட்டு இரண்டாவது. வார்ப்பின் சொரசொரப்பு தெரியவேண்டும். பட்டி போட்டு வழவழப்பாக்கினால் அது வார்ப்பிரும்பாகவே தெரியாது. மூலைமுடுக்குகளில் முதலில் அடித்துவிட்டு பிறகு பெரிய பரப்புக்கு வாருங்கள், இல்லாவிட்டால் விளிம்பில் வழியும். டேப்பைப் பெயிண்ட் முழுதாக இறுகும் முன் உரியுங்கள். தொட்டால் ஒட்டாமல் இருந்தாலும் ஒரு வாரம் பெட்ரோல் படவிடாதீர்கள்.

படி 6: எஞ்சின் நிறம் படாதவை

அலுமினியப் பாகங்களுக்கு வேப்பர் பிளாஸ்டிங் சிறந்தது; தண்ணீரோடு சேர்ந்து அடிப்பதால் பரப்பு சாட்டின் மாதிரி அமையும். லூகாஸ் டைனமோக்களில் பெரும்பாலும் நடு உடல் கறுப்பு, இரு முனை பிராக்கெட்டும் வெறும் அலுமினியம். மொத்தமாகக் கறுப்படித்தால் தெரிந்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

கார்புரேட்டர் லிங்கேஜ், ஸ்பிரிங் பிராக்கெட், சிறு போல்ட் எல்லாம் பிளேட்டிங். பழைய வண்டிகளில் கேட்மியம் இருந்திருக்கலாம். அது நச்சு, தேய்க்கவும் சூடாக்கவும் வேண்டாம். இன்று அதற்குப் பதில் ஜிங்க், பழைய நிறத்தைப் பார்த்து அதன் மேல் மஞ்சள் பாசிவேஷனோ (துருவைத் தடுக்கும் மெல்லிய படலம்) வெள்ளையோ கேளுங்கள். எல்லாவற்றையும் கம்பியில் கோத்து, எண்ணி, எழுதிக் கொடுங்கள். பட்டறையிலிருந்து வந்தவுடன் ஒரு நாள் கைபடாமல் வையுங்கள், மஞ்சள் படலம் அதுவரை மென்மையாகவே இருக்கும். கனெக்டிங் ராடு போல்ட், ஹெட் ஸ்டட் போன்ற அதிக வலுவுள்ளவற்றை பிளேட்டிங்குக்கு அனுப்பவே கூடாது. அமிலத் தொட்டியில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து, பாரம் ஏறும்போது சொல்லாமல் முறியும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு 600 டிகிரி தாங்கும் சிலிகான் பெயிண்ட், சாம்பல் நிற வார்ப்பிரும்பு ஷேடில். சாதாரண பிரைமர் போட்டால் அது எரிந்து மேல்பூச்சும் உதிரும், எனவே சுத்தமான இரும்பின் மேல் நேரடியாக இரண்டு மெல்லிய கோட். கனமாக அடித்தால் சூட்டில் குமிழும். இந்தப் பூச்சு சூட்டில்தான் இறுகும். முதலில் எஞ்சினை 10 நிமிடம் ஐடிலில் ஓட்டி முழுதாக ஆறவிடுங்கள், பிறகு 20 நிமிடம். அந்த நேரம் புகை வரும், ஷட்டரைத் திறந்துவையுங்கள். இரண்டாவது முறை ஆறியதும் மேனிஃபோல்டு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.