கீசர் வாங்கும் முன்னால் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

மழைக்காலம் தொடங்கியதும் எல்லாரும் கேட்கும் கேள்வி, "எந்த கம்பெனி கீசர் நல்லது?" என்பதுதான். கம்பெனி அப்புறம். உங்கள் வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர், அது எவ்வளவு அழுத்தத்தில் வருகிறது, எந்த பைப் வழியாக வருகிறது, இந்த மூன்றும் தெரியாமல் வாங்கும் கீசர் எந்த கம்பெனியாக இருந்தாலும் சீக்கிரம் படுத்துவிடும். அதனால் கீசருக்குப் போகும் முன் குழாய்களை ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

முதல் வேலை வால்வுகள். மொட்டைமாடி டேங்கின் அடியிலிருந்து இரண்டு மூன்று பைப் கிளம்பும், ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கும். எது சமையலறை, எது பாத்ரூம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாக மூடிப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சுவரிலேயே பெயிண்டால் எழுதி வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஹெல்த் ஃபாசெட் ட்யூப் பிய்த்துக்கொண்டு பாத்ரூம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சும்போது, டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடியில் நின்று எந்த வால்வு என்று யோசிக்கக் கூடாது. வாஷ்பேசின் கீழே, ஃப்ளஷ் டேங்க் பக்கத்தில், கீசர் கீழே இருக்கும் ஆங்கிள் காக்குகளும் அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் திருகாமலே விட்ட வால்வு உப்புப் படிந்து இறுகிப்போகும், அவசரத்தில் பலத்தைக் காட்டினால் ஸ்பிண்டில், அதாவது கைப்பிடியோடு சுற்றும் தண்டு, உடைந்து கையோடு வந்துவிடும். பழைய பித்தளை கேட் வால்வு இப்படி அடம்பிடித்தால், அடுத்த முறை பிளம்பர் வரும்போது கால் திருப்பில் மூடும் பால் வால்வாக மாற்றிவிடுங்கள்.

சொட்டும் குழாய்க்கு ஆளைத் தேட வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலே ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும், ஆனால் வேலை பத்து நிமிஷம்தான். பல சுற்று சுற்றித் திறக்கும் பழைய மாதிரி குழாயாக இருந்தால் வாஷர் தேய்ந்திருக்கும்: லைனை மூடி, கைப்பிடி ஸ்க்ரூவைக் கழற்றி, ஸ்பேனரால் ஸ்பிண்டிலை வெளியே எடுத்தால் அதன் அடியில் நசுங்கிப்போன கறுப்பு ரப்பர் தெரியும், அதையே கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய் அதே அளவு வாங்குங்கள், வாயால் அளவு சொல்லி வாங்கினால் இன்னொரு நடை நடக்க வேண்டிவரும். அரைச் சுற்றில் திறக்கும் புது மாதிரி குழாயில் வாஷருக்குப் பதில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். அதைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துப் பாருங்கள், பல நேரம் உப்புத் துகள்தான் காரணம், சரியாகவில்லை என்றால் மட்டும் புதிது. எந்த மாதிரியானாலும் சொட்டுகிறதே என்று இறுக்கி இறுக்கி மூடாதீர்கள். அதனால்தான் பாதிக் குழாய்கள் கெடுகின்றன.

குழாயை முழுசாகக் கழற்றி மாட்டினால் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரையின் முனை உங்களைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் இழுத்துப் பிடித்துச் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போதே டேப் உருண்டு வெளியே வந்துவிடும், பிறகு ஒழுகுகிறது என்று குழாயைக் குறை சொல்வோம்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் நூலாக வந்தால் வாய்ப்பகுதியில் இருக்கும் சல்லடையைத் திருகி எடுத்துப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாக மணல் மாதிரி அடைத்திருக்கும். ராத்திரி முழுக்க வினிகரில் போட்டு, காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். எல்லாக் குழாயிலும் குறைந்தால் டேங்க் வாயில் அடைப்பு, இல்லை பைப்பில் காற்று அடைத்திருக்கும்.

ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் தண்ணீரைத் தின்னும். டேங்குக்குள் கொஞ்சம் கேசரி கலர் கரைத்துவிட்டு அரைமணி நேரம் யாரையும் ஃப்ளஷ் செய்ய விடாதீர்கள். டாய்லெட் கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் போய்விட்டது என்று அர்த்தம். அடைப்புக்கு ஆசிட் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள், டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டைத்தான் அது முதலில் அரிக்கும். முக்கியமாக, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

சரி, கீசருக்கு வருவோம்.

உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினம் என்று பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவுகோலில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பரவாயில்லை. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும் அதே தெருவில் போரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரிய லேப் தேவையில்லை, சோப்பு நுரைப்பதிலும் பக்கெட்டின் வெள்ளை விளிம்பிலுமே தெரியும். ஆனால் கீசர் வாங்குவதற்காகவாவது ஒருமுறை டெஸ்ட் செய்துவிடுங்கள், வாரண்டி கார்டில் சில கம்பெனிகள் தண்ணீரின் டிடிஎஸ் அளவுக்கு, அதாவது அதில் கரைந்திருக்கும் மொத்த உப்புக்கு, வரம்பு போட்டிருப்பார்கள். சூடேறும்போதுதான் கால்சியம் உப்பு கல்லாகப் படியும், நேராக ஹீட்டிங் காயில் மேல். கல் படிந்த காயில் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்க முடியாமல் தானே வெந்து போகும். கீசர் ஓடும்போது உள்ளே பொரிவது போல, கொதிப்பது போலச் சத்தம் கேட்டால் அதுதான் விஷயம்.

உப்புத் தண்ணீர் வீட்டுக்கு என் தேர்வு, உள்ளே எனாமல் பூசிய டேங்க், மக்னீசியம் ஆனோடு ராடு, இன்காலாய் (அரிப்பைத் தாங்கும் நிக்கல் கலந்த உலோகம்) காயில் உள்ள ஸ்டோரேஜ் கீசர், அதாவது தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் வகை. ஆனோடு ராடு என்பது டேங்குக்குப் பதிலாகத் தன்னை அரிக்கவிட்டுக் கரைந்துபோகும் ஒரு கம்பி, அவ்வளவுதான். சர்வீஸுக்கு வரும் ஆள் அதைக் கழற்றிக் காட்டாமல் மேல் துடைத்துவிட்டு கையெழுத்து வாங்கப் பார்ப்பார், விடாதீர்கள். விரல் கனம் இருந்த ராடு நடுக்கம்பி தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். அது தீர்ந்த பிறகு அரிக்கத் தொடங்குவது டேங்கைத்தான், டேங்க் ஓட்டையானால் புது கீசர்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க் என்றால் கவலையில்லை என்று கடையில் சொல்வார்கள். குளோரைடு அதிகமான தண்ணீர் ஸ்டீலையும் புள்ளி புள்ளியாக அரிக்கும், கடலோரப் பக்கம் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அளவுக்குக் கணக்கு ரொம்ப எளிது. சென்னையில் டேங்க் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், குளிக்க 40 போதும். 15 லிட்டர் கீசரை 60 டிகிரிக்குச் சூடாக்கி விளாவினால் 40 லிட்டர் வரும், அதாவது இரண்டு பெரிய பக்கெட். 2 கிலோவாட் காயிலுக்கு அதற்குப் பதினேழு நிமிஷம் பிடிக்கும், முக்கால் யூனிட்டுக்கும் குறைவான கரண்ட். இதே கீசரை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கொண்டுபோனால், 15 டிகிரி தண்ணீரில் 27 லிட்டர்தான் தேறும், அங்கே ஆளுக்கு ஒரு பக்கெட்டுக்கே இழுபறி. அந்த ஊர்களுக்கு 25 லிட்டர் வாங்குங்கள்.

தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்டன்ட் கீசர் விஷயத்திலும் ஊர்தான் முடிவு செய்யும். 3 கிலோவாட் மாடல், நிமிஷத்துக்கு மூன்று லிட்டர் ஓடவிட்டால் தண்ணீரை ஏறக்குறைய 14 டிகிரிதான் உயர்த்தும். சென்னையில் 28 இருந்தது 42 ஆகும், ஒருவர் பக்கெட் பிடித்துக் குளிக்கத் தாராளம். ஊட்டியில் 15 இருந்தது 29 ஆகும், அதை வெந்நீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சமையலறைக்கு இன்ஸ்டன்ட், பாத்ரூமுக்கு ஸ்டோரேஜ் என்பது சமவெளி ஊர்களுக்குப் பொருத்தமான ஏற்பாடு.

அழுத்தத்தைப் பாருங்கள். அதை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள், டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய ஒரு பார். டேங்குக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி பாத்ரூமில் 0.2, 0.3 பார்தான் கிடைக்கும், ஷவர் அழும், அதற்குக் கீசர் பொறுப்பல்ல. அடுக்குமாடியின் கீழ்த்தளங்களிலும் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளிலும் தலைகீழ் பிரச்சினை, அங்கே 8 பார் தாங்கும் என்று போட்டிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

கீசரின் குளிர்ந்த தண்ணீர் வாயில் ஒரு சின்ன சேஃப்டி வால்வு தொங்கும். சூடேறும்போது அதிலிருந்து சொட்டும். 15 லிட்டர் தண்ணீர் சூடாகும்போது ஒரு டம்ளர் அளவுக்கு விரியும், அதற்குப் போக இடம் வேண்டும், அதனால்தான் சொட்டுகிறது. சொட்டு எரிச்சலாக இருக்கிறதென்று அதன் வாயை எம்-சீல் வைத்து அடைத்த வீடுகள் உண்டு. தெர்மோஸ்டாட் ஒருநாள் மக்கர் செய்தால் அந்த டேங்க் வெடிக்கும். அடைக்காதீர்கள், ஒரு ட்யூபை மாட்டித் தரையில் தண்ணீர் போகும் ஜாலிக்கு விடுங்கள். கீசர் அணைந்திருக்கும்போதும் நிற்காமல் ஒழுகினால் வால்வைப் புதிதாக மாற்றுங்கள், விலை சொற்பம்தான்.

கேஸ் கீசரை பாத்ரூமுக்குள் மாட்டவே கூடாது. எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, கதவைச் சாத்திக் குளிப்பவருக்கு மயக்கம் வருவதே தெரியாது. வெளியே பால்கனியிலோ காற்றோட்டமான சர்வீஸ் பக்கத்திலோ மாட்டி, பைப்பை மட்டும் உள்ளே கொண்டுவர இடமிருந்தால் யோசியுங்கள், இல்லை என்றால் வேண்டாம்.

சோலார் தனி வீட்டுக்கு நல்ல யோசனை, ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும்போதுதான் நமக்கு வெந்நீர் அதிகம் தேவை, அதனால் மின்சார பேக்கப் காயில் இல்லாத சோலார் வாங்காதீர்கள். தண்ணீர் டேங்க் சோலார் டேங்கைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்குத் தாமிரக் குழாய்த் தட்டு வகை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், கண்ணாடிக் குழாய் வகை கொஞ்சம் தாங்கும். மாடியிலிருந்து தரைத்தளம் வரை பைப் நீளமாக இருந்தால் சூடு வருவதற்குள் நாலைந்து லிட்டர் பச்சைத் தண்ணீர் ஓடிவிடும், அதை ஒரு பக்கெட்டில் பிடித்துத் துணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் வெந்நீர் லைனுக்குச் சூட்டைத் தாங்கும் சிபிவிசி பைப்தான், அதற்கான பசையும் தனி. சாதா வெள்ளை பிவிசியில் வெந்நீர் விட்டால் வளைந்து, ஜாயின்ட்டில் விட்டுப்போகும். 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும், எனவே 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), ஒழுங்கான எர்த், மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்), இவை இல்லாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள். பக்கெட்டில் போடும் ராடு ஹீட்டர் மலிவுதான், கையை விட்டுச் சூடு பார்க்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதை வாங்கவே வேண்டாம்.

மாட்டிய அன்று முதலில் தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று போய் முழு ஓட்டமாகத் தண்ணீர் வந்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள், காலி டேங்கில் போட்டால் காயில் அன்றைக்கே போய்விடும். தெர்மோஸ்டாட்டை 60-க்கு மேல் வைக்கத் தேவையில்லை, அதற்கு மேல் போகப் போகக் கல் படிவதும் வேகமாகும், குழந்தைகளுக்கும் ஆபத்து. போர் தண்ணீர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை டேங்கைக் கழுவி, காயிலில் படிந்த கல்லை எடுத்து, ஆனோடு ராடைப் பார்க்க வேண்டும். ஆவணி, புரட்டாசியிலேயே சர்வீஸுக்குச் சொல்லிவிடுங்கள், மார்கழியில் கூப்பிட்டால் ஆள் கிடைக்காது.