குழுவாக ஊருக்குப் போகிறவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்

2020-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 6-ஆம் தேதி வந்தது. மலேசியாவில் பட்டர்வொர்த், பிறை, சுங்கைப்பட்டாணி என்று மூன்று ஊர்க்காரர்கள் 28 பேர் அந்த உத்திரத்துக்குப் பழனி போவதாக இருந்தோம். ஏப்ரல் 2-இல் புறப்பாடு. அறுபடை வீடு, மீனாட்சி அம்மன், கடைசி மூன்று நாள் அவரவர் சொந்தக்காரர் வீடு. ஆளுக்கு 2,800 வெள்ளி (ரிங்கிட்). வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலித்தவன் நான்.

கோவிட் பரவியதால் மார்ச் 13 முதல் இந்தியா விசாக்களை நிறுத்தி வைத்தது. 17-ஆம் தேதி மலேசியாவிலிருந்து வரும் பயணிகளுக்கே தடை போட்டது. மறுநாள் இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. 22-இல் இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு விமானங்கள் நின்றன, 25-இல் அங்கே நாடே முடங்கியது. பயணம் இல்லை என்பது ஒரே வாரத்தில் தெளிவாகிவிட்டது. பணம் என்ன ஆனது என்று தெரிய எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இனி குழுவாகப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். பழனிக்குப் போனாலும், நாகூருக்குப் போனாலும், வேளாங்கண்ணிக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான்.

நாங்கள் கொடுத்தது மொத்தம் 78,400 வெள்ளி. அது ஏஜெண்டின் பெட்டியில் முழுசாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். கேட்டபோதுதான் தெரிந்தது, மார்ச் மாதத்துக்குள் அது ஐந்தாகப் பிரிந்து போயிருந்தது. பெரும்பகுதி விமான டிக்கெட். இன்னொரு பகுதி திருச்சியில் அவருக்கு வேலை பார்க்கும் வேறொரு ஏஜெண்ட் வழியாகத் தங்கும் விடுதிகளுக்கு. கொஞ்சம் பஸ்காரருக்கு முன்பணம். கொஞ்சம் விசா கட்டணம். மீதிதான் அவர் கையில். கொடுக்கும்போது ஒரே தொகை, திரும்பும்போது ஐந்து வழி. ஒவ்வொரு வழியிலும் ஒருவர் "மேலிருந்து எனக்கு வரட்டும், தருகிறேன்" என்று சொல்வார். பெரும்பாலும் அவர் பொய் சொல்வதில்லை. அதனால் முன்பணம் கட்டும் அன்றைக்கே ஏஜெண்டிடம் கேளுங்கள்: இதில் டிக்கெட்டுக்கு எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் எது வெளியே போகும், பயணம் நின்றால் எது திரும்பாது. ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். அவர் தெரிந்தவராக இருந்தால் சங்கடமாகத்தான் இருக்கும். அப்படியும் கட்டாதீர்கள்.

உரிமம் பார்ப்பது அடுத்த வேலை. 1992-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில்துறைச் சட்டப்படி சுற்றுலா நடத்துகிறவர் மோட்டாக் எனப்படும் சுற்றுலா அமைச்சின் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை மோட்டாக் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, உரிமம் காலாவதியாகவில்லையா, வெளிநாட்டுப் பயணம் நடத்த அனுமதி உண்டா என்று மூன்றையும் பாருங்கள். பணத்தையும் அந்த நிறுவனத்தின் கணக்கில் மட்டும் போடுங்கள். "என் சொந்தக் கணக்கில் போடுங்கள், சீக்கிரம் முடியும்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நான் செய்த பெரிய தவறு ரசீதில். 28 பேர் பணத்தையும் சேர்த்துக் கட்டி, என் பெயரில் ஒரே ரசீது வாங்கினேன். மற்ற 27 பேரும் அந்த ஏஜெண்டிடம் பணம் கட்டியதற்கு அவர்கள் பெயரில் ஒரு ரசீதும் இல்லை. ஆளுக்கு ஒரு ரசீது, அவரவர் அடையாள அட்டைப் பெயரில் கேளுங்கள். ஏஜெண்டுக்கு அரை மணி நேர வேலைதான்.

டிக்கெட் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் விமான நிறுவனங்கள் குழுக் கட்டணம் என்று தனியாகத் தரும். அதற்கு முன்பணம், பெயர் கொடுக்கும் கெடு, ரத்து விதி எல்லாமே சாதாரண டிக்கெட்டிலிருந்து வேறு. நீங்கள் இணையத்தில் படிக்கும் பொது விதி அதற்குப் பொருந்தாமல் போகலாம். மலிவு விமானங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஏஜெண்ட் தன் மின்னஞ்சலையும் தன் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பதிவு செய்துவிடுவார். விமானம் ரத்தானால் செய்தி அவருக்குப் போகும், பணமோ கிரெடிட்டோ (அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ளும் தொகை) அவர் கணக்குக்குப் போகும். உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. பயணியின் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் போடச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் பிள்ளைகளுடையதைக் கொடுங்கள்.

அப்புறம், அவசரப்பட்டு நீங்களாக ரத்து செய்யாதீர்கள். எங்களில் நான்கு பேர் பயந்துபோய் மார்ச் முதல் வாரத்திலேயே "நாங்கள் வரவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அது அவர்களாக விலகியதாக ஆனது. டிக்கெட்டில் அவர்களுக்குத் திரும்பியது விமான நிலைய வரி மட்டும். பத்து நாள் பொறுத்திருந்தவர்களுக்கு விமான நிறுவனமே ரத்து செய்ததால் முழுத் தொகைக்கும் உரிமை வந்தது. உடம்பு முடியாதவர்கள் போகக் கூடாதுதான். போகாமல் இருப்பது வேறு, ரத்துக் கடிதம் கொடுப்பது வேறு. நீங்கள் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், விமான நிறுவனமே நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, கெடுத் தேதிக்கு முந்தின நாள் வரை காத்திருந்து முடிவெடுங்கள்.

முழுத் தொகைக்கும் உரிமை வந்தது என்றேன். கைக்கு வந்தது காசு இல்லை, கிரெடிட். குறிப்பிட்ட தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், அந்தப் பயணியின் பெயரில் மட்டும். எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அறுபது வருடமாகப் பார்க்காத தன் அக்காவை ஒட்டன்சத்திரத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்து சேர்ந்தவர். 2021 ஆகஸ்டில் அவர் தவறிவிட்டார். அவர் பெயரில் கிடந்த கிரெடிட்டை மகனுக்கு மாற்ற நாங்கள் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கில்லை. இறப்புச் சான்றிதழை மூன்று முறை அனுப்பினோம். கடைசியில் ஒரு பகுதிதான் வந்தது. அன்றிலிருந்து நான் சொல்வது இது: அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிரெடிட் வேண்டாம், காசாகக் கேளுங்கள். தொகை கொஞ்சம் குறைந்தாலும் சரி.

இப்போது விதி அன்றைக்கு இருந்ததைவிடத் தெளிவாக இருக்கிறது. மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016-இல் வந்தது, 2024 செப்டம்பரில் திருத்தப்பட்டது. விமானம் ரத்தானால் நீங்கள் எந்த வழியில் பணம் கட்டினீர்களோ அதே வழியில் 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். முதலில் விமான நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள். பதில் வராவிட்டால் பொது விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் போங்கள். முன்பு மாவ்கோம் என்ற தனி விமான ஆணையம் பார்த்த இந்த வேலை 2025 ஆகஸ்ட் 1 முதல் அவர்களிடம் சேர்ந்துவிட்டது. கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமும் பணத்தைத் திருப்பக் கேட்கலாம். அதற்குக் கெடு சில மாதங்கள்தான், ஏஜெண்டின் "அடுத்த வாரம்" பேச்சில் அதைத் தவறவிடாதீர்கள்.

ஏஜெண்டிடம் இருக்கும் பணத்துக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் உண்டு. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆளுக்கு ஒரு ரசீது என்று சொன்னேனே, அது இங்கேதான் கைகொடுக்கும். விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆனால் ஒன்று, நிறுவனமே மூடிவிட்டால் தீர்ப்புத் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் சீக்கிரம் போவது முக்கியம்.

பெருந்தொற்றுக் காலத்தில் இதிலும் ஒரு தடை வந்தது. 2020 அக்டோபர் 23-இல் நடப்புக்கு வந்த கோவிட் தற்காலிகச் சட்டம், கட்டுப்பாடுகளால் சொன்னதைச் செய்ய முடியாமல் போனவர் மீது எதிர்த்தரப்பு ஒப்பந்த உரிமையைப் பயன்படுத்துவதை நிறுத்தி வைத்தது. அதன் பட்டியலில் சுற்றுலா நிறுவன ஒப்பந்தமும் இருந்தது, சமய யாத்திரை ஒப்பந்தமும் இருந்தது. பதிலுக்குச் சமரச மையம் ஒன்று வைத்தார்கள். அந்தப் பாதுகாப்பு 2022 அக்டோபரோடு முடிந்துவிட்டது. இன்னொரு தொற்று வந்தால் இப்படி ஒரு சட்டம் மறுபடியும் வரலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான நிலையில் 1956-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. யார் தவறும் இல்லாமல் ஒப்பந்தம் நடக்க முடியாமல் போனால் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மற்றவர் உண்மையில் செலவழித்ததை மட்டும் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். அதனால் "செலவாகிவிட்டது" என்று ஏஜெண்ட் சொன்னால் செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். விடுதியின் ரசீது, பஸ்காரர் வாங்கிய தேதி எல்லாம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டாலே போதும், நாங்கள் கேட்டதும் ஏஜெண்ட் கழித்த தொகை ஆளுக்கு 900-இலிருந்து 410 வெள்ளிக்கு இறங்கியது.

ஏஜெண்டே இல்லாமல் கோயில் குழுத் தலைவரோ ஒன்றுவிட்ட அண்ணனோ பணம் வசூலித்து நடத்தும் பயணங்கள் நம்மிடையே நிறைய. அவர் வியாபாரி இல்லை என்பதால் பயனீட்டாளர் மன்றத்துக்குப் போக இடமில்லாமல் போகலாம். மேஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரல் பிரிவில் 5,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் சொந்தத்துக்குள் யார் போவார்கள்? பணத்தை விட்டுவிடுவார்கள், பேச்சும் நின்றுவிடும். எங்கள் குழுவில் இரண்டு குடும்பம் இன்னும் என்னோடு பேசுவதில்லை. வசூலிப்பவருக்காகவே சொல்கிறேன்: தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, வாரம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் வரவு செலவு. இது அவர் மீது சந்தேகம் என்று ஆகாது. நாளைக்கு அவர் தலைநிமிர்ந்து நிற்பதற்கு வேண்டியது.

இந்தியப் பக்கம் சுருக்கமாக. விசா கட்டணம் திரும்ப வராது, அதனால் அதைக் கடைசியில் எடுங்கள். ரயிலை ரயில்வே ரத்து செய்தால் முழுப் பணமும் வரும், ஆனால் எந்தக் கணக்கிலிருந்து பதிவு செய்தார்களோ அந்தக் கணக்குக்கு. உள்நாட்டு விமானத்துக்கும் ஏஜெண்ட் வழியாக எடுத்தால் ஏஜெண்ட் வழியாகத்தான். அங்கே இருக்கும் சித்தப்பா மகன் தன் கணக்கிலிருந்து மண்டபத்துக்கு முன்பணம் கட்டினால், திரும்புவது அவனிடம்தான் என்பதை முதலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

எல்லை திறந்திருந்தாலும் கோயில் மூடியிருக்கலாம். 2022-இல் தைப்பூசம் ஜனவரி 18-இல் வந்தது. 14 முதல் 18 வரை தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்களில் பக்தர்களுக்கு அனுமதியில்லை. அப்படிப்பட்ட நாளில் பயணம் "நடந்தது" என்றே கணக்காகும். முக்கியக் கோயில் மூடினால் தேதி மாற்ற உரிமை உண்டா என்று தாளில் ஒரு வரி சேருங்கள். பயணக் காப்புறுதியை முன்பணம் கட்டும் அன்றே எடுங்கள். தொற்று செய்தியில் வந்த பிறகு எடுத்தால் "தெரிந்த ஆபத்து" என்று தள்ளிவிடுவார்கள். நோய்க்குப் பயந்து போகாமல் இருப்பதற்குச் சாதாரணக் காப்புறுதி பணம் தராது.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. எங்கள் பஸ்காரருக்குக் கொடுத்த 15,000 ரூபாயைத் திரும்பக் கேட்க வேண்டாம் என்று பேசி முடித்தோம். அவர் வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றது, தவணை மட்டும் ஓடியது. 2023 பங்குனி உத்திரத்துக்கு 19 பேர் போனோம். அதே பஸ்காரரைத்தான் அழைத்தோம். கடைசி நாள் திருச்சி விமான நிலைய வாசலில் வாடகையைக் கொடுத்தபோது, மேல் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "2020 பினாங்கு 15,000" என்று எழுதியிருந்த பக்கத்தைக் காட்டி, அந்தத் தொகையை எண்ணி என் கையில் வைத்தார்.