வேதியியலில் பின்தங்கிய மாணவர் அடிப்படையை மீட்பது எப்படி?

வேதியியல் ஒன்றுமே புரியவில்லை என்று சொல்லும் மாணவரின் விடைத்தாளைப் பொறுமையாகப் பார்த்தால், உண்மையில் புரியாமல் போனது ஒன்றிரண்டு இடங்கள்தாம் என்பது பெரும்பாலும் தெரியவரும். இப்பாடத்தில் ஒவ்வொரு பகுதியும் முந்தைய பகுதியின் தோளில் ஏறி நிற்கிறது. அயனியின், அதாவது மின்சுமை பெற்ற அணுவின் அல்லது அணுத்தொகுதியின், மின்சுமை தெரியாதவர் சேர்மத்தின் வாய்பாட்டைப் பிழையாக எழுதுவார். வாய்பாடு பிழையானால் சமன்பாடும் பிழையாகும். அதன்பின், துகள்களை எண்ணும் அலகான மோலை வைத்துப் போடும் கணக்கை எத்தனை முறை போட்டாலும் சரியான விடை வராது. ஆகவே, மோல் கணக்கில் மதிப்பெண் இழந்தவர் மோல் பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதை விட, தடுக்கி விழுந்த இடத்தைத் தேடிப் பின்னால் செல்வதே நல்லது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். அணு, மூலக்கூறு, அயனி ஆகியவற்றுக்குள் என்ன வேறுபாடு? அணு எண் 17 கொண்ட குளோரினின் எலக்ட்ரான்கள் கூடுகளில் எவ்வாறு அமைந்துள்ளன? அலுமினியம் ஆக்சைடின் வாய்பாடு என்ன? அலுமினியம் ஆக்சிஜனுடன் சேர்ந்து அந்த ஆக்சைடைத் தரும் வினையின் சமன்செய்த சமன்பாடு என்ன? 9 கிராம் நீர் எத்தனை மோல்? பேனா எந்தக் கேள்வியில் நிற்கிறதோ, அதுவே நீங்கள் தொடங்க வேண்டிய இடம். அதற்காகக் கீழ்வகுப்புப் புத்தகத்தை எடுக்க நேர்ந்தால் கூச்சப்பட வேண்டியதில்லை.

மனப்பாடம் செய்தே தீர வேண்டியவை இப்பாடத்தில் பலரும் அஞ்சும் அளவுக்கு அதிகமில்லை. முதல் 20 தனிமங்களின் பெயர், குறியீடு, அணு எண் ஆகியவற்றையும், இரும்பு, செம்பு, துத்தநாகம், வெள்ளி, ஈயம் போன்ற சில உலோகங்களின் குறியீடுகளையும் தெரிந்துகொண்டால் போதும். சோடியத்தின் குறியீடான Na அதன் பெயரோடு பொருந்தவில்லையே என்று குழம்புபவர்கள், அது நேட்ரியம் என்ற இலத்தீன் பெயரிலிருந்து வந்தது என்று அறிந்தால் குழப்பம் தீரும். பொட்டாசியத்துக்குக் காலியம், இரும்புக்கு ஃபெர்ரம் என்று இதே கதைதான். இவற்றோடு நைட்ரேட், ஹைட்ராக்சைடு ஆகியவற்றின் மின்சுமை எதிர்மின் 1, சல்பேட், கார்பனேட் ஆகியவற்றுக்கு எதிர்மின் 2, பாஸ்பேட்டுக்கு எதிர்மின் 3, அம்மோனியத்துக்கு நேர்மின் 1 என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற மின்சுமைகளில் பலவற்றை எலக்ட்ரான் அமைப்பிலிருந்தே பெறலாம். அலுமினியத்தின் அமைப்பு 2, 8, 3. வெளிக்கூட்டிலுள்ள மூன்று எலக்ட்ரான்களை இழந்து அது நேர்மின் 3 ஆகிறது. ஆக்சிஜனின் அமைப்பு 2, 6. எட்டை நிறைவு செய்ய இரண்டை ஏற்று அது எதிர்மின் 2 ஆகிறது. இரண்டு அலுமினிய அணுக்கள் இழக்கும் ஆறு எலக்ட்ரான்களை மூன்று ஆக்சிஜன் அணுக்கள் ஏற்பதால், வாய்பாட்டில் அலுமினியத்துக்கு 2, ஆக்சிஜனுக்கு 3 என்ற கீழ்க்குறி எண்கள் வருகின்றன. மின்சுமைகளைக் குறுக்காக மாற்றி எழுதும் குறுக்குவழியும் இதே விடையைத் தரும். ஆனால் காரணம் தெரியாமல் அதைப் பயன்படுத்துபவர் மக்னீசியம் ஆக்சைடில் 2, 2 என்று எழுதிவிடுகிறார்; அதைச் சுருக்கி 1, 1 என்று ஆக்க வேண்டும். இரும்பு போன்ற தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட மின்சுமைகளை ஏற்பதால், சேர்மத்தின் பெயரில் அடைப்புக்குறிக்குள் வரும் ரோமன் எண்ணைப் பார்க்கத் தவறக் கூடாது.

இனி, அலுமினியம் ஆக்சிஜனுடன் சேரும் வினையின் சமன்பாடு. ஆக்சிஜன் இடப்பக்கம் மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு அணுக்களாகவும், வலப்பக்கம் ஆக்சைடு அலகு ஒன்றுக்கு மூன்று அணுக்களாகவும் வருகிறது. இரண்டுக்கும் பொது மடங்கு 6 என்பதால், இடப்பக்கம் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளும் வலப்பக்கம் இரண்டு ஆக்சைடு அலகுகளும் வேண்டும். அந்த இரண்டு அலகுகளில் நான்கு அலுமினிய அணுக்கள் இருப்பதால் இடப்பக்கம் நான்கு அலுமினியம் வைத்தால் சமன்பாடு முடிந்தது. மாற்றக்கூடியவை வாய்பாட்டின் முன்னால் நிற்கும் எண்களான கெழுக்கள் மட்டுமே. சமன் ஆகவில்லையே என்று கீழ்க்குறி எண்ணில் கை வைத்தால் பொருளே மாறிவிடும்: நீரின் வாய்பாட்டில் ஓர் ஆக்சிஜனைக் கூட்டினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு.

பலர் இடறும் இடம் மோல். டஜன் என்றால் 12 என்பது போல, ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். அது எண்ணிக்கைக்கான அலகேயன்றி எடைக்கான அலகு அன்று. மேற்கண்ட சமன்பாட்டின் 4, 3, 2 என்ற கெழுக்கள் மோல்களைக் குறிக்கின்றன, கிராம்களை அல்ல. கிராமில் சொன்னால், 4 மோல் அலுமினியம் 108 கிராம், 3 மோல் ஆக்சிஜன் 96 கிராம், 2 மோல் ஆக்சைடு 204 கிராம். முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வருவதைக் கவனியுங்கள். 54 கிராம் அலுமினியத்திலிருந்து எவ்வளவு ஆக்சைடு கிடைக்கும் என்று கேட்டால், அவசரக்காரர் 54-ஐ 4-ஆல் வகுத்து 2-ஆல் பெருக்கி 27 கிராம் என்பார். ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்ட பொருள், தொடங்கிய உலோகத்தை விட எப்படி எடை குறையும்? முறையாகச் செய்தால் 54 கிராம் என்பது 2 மோல். அது 1 மோல் ஆக்சைடைத் தரும். அதன் எடை 102 கிராம். விடையை எழுதியதும் இப்படி ஒரு சந்தேகக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது, பத்துக் கணக்குகளைக் கூடுதலாகப் போடுவதை விடப் பயன் தருவது என்பது என் கருத்து. விகிதமும் பத்தின் அடுக்குகளும் தடுமாறுகின்றன என்றால், அது கணிதத்தில் உள்ள இடைவெளி. அதை முதலில் அடைத்துவிடுங்கள்.

படிக்கும் முறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தீர்த்துக் காட்டப்பட்ட கணக்கை வாசிக்கும்போதும் விளக்கக் காணொளியைப் பார்க்கும்போதும் எல்லாம் புரிந்துவிட்டதுபோல் தோன்றும். விடையை மூடிவைத்துத் தானாகப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும். தவறிய கணக்குகளுக்குத் தனிக் குறிப்பேடு வைத்து, ஒவ்வொன்றின் அருகிலும் பிழை மின்சுமையிலா, வாய்பாட்டிலா, கெழுவிலா, அலகிலா என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். இரண்டு வாரத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். பழைய பாடத்துக்கு நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்கி, மீதி நேரத்தை வகுப்பில் நடக்கும் பாடத்துக்கே கொடுங்கள்; இல்லையென்றால் ஒரு பள்ளத்தை மூடுவதற்குள் இன்னொன்று விழுந்துவிடும். ஆசிரியரிடம் செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையும் கொண்டுபோய், எந்த வரியில் நின்றீர்கள் என்று காட்டுங்கள். அவரால் அந்த வரியிலிருந்தே விளக்கத் தொடங்க முடியும்.